உறுதி இருந்தது, காணி விவரம்தான் இல்லை: கனடியப் பூர்வகுடிகளின் சட்ட வரலாறு பற்றிய கேள்வி பதில்

கனடாவில் பூர்வகுடிகளின் காணிக் கோரிக்கைகளுக்காகப் பழைய அரசுக் கோப்புகளை வாசித்து வரலாற்று அறிக்கை எழுதுவது என் தொழில். நான் சட்டத்தரணி அல்ல. உடன்படிக்கைகள், இந்தியர் சட்டம் (பூர்வகுடிகள் பற்றிய மத்திய அரசுச் சட்டம்), தீர்ப்புகள், ஆவணக்காப்பகத் தேடல் பற்றிக் கேளுங்கள். குடிவரவு, வீட்டுக்கடன் பற்றிக் கேட்டால் பதில் வராது.

தொடங்கும் முன் ஒன்று. அச்சிட்ட வாசகத்தை உடன்படிக்கை என்று நம்பிக்கொண்டு வராதீர்கள். அது ஒரு தரப்பு எழுதிவைத்த குறிப்பு. இன்று இதைப் பல தடவை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ மாணவி: அக்கா, ரொறன்ரோவைப் பத்து ஷில்லிங்குக்கு வாங்கினார்கள் என்று படித்தேன். உண்மையா? கட்டுரைக்கு எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பத்து ஷில்லிங் உண்மைதான், ஆனால் அது கதையின் பிற்பாதி.

1787 செப்டம்பரில் குவின்டே குடாவுக்கு அருகே கேரியிங் பிளேஸ் என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசின் இந்தியர் விவகார அதிகாரி சர் ஜான் ஜோன்சன், மிசிசாகா என்ற பூர்வகுடியின் தலைவர்களைச் சந்தித்தார். துப்பாக்கிக் கற்கள், பித்தளைக் கேத்தல்கள், முகம் பார்க்கும் கண்ணாடிகள், ரம் எல்லாம் கைமாறின. எந்தக் காணி, எங்கிருந்து எதுவரை? சில வருடங்கள் கழித்து நில அளவை அலுவலகத்தில் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, தேடி எடுத்தபோது, காணி விவரம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மூன்று தலைவர்களின் குலச் சின்னங்கள் தனித்தனித் தாள் துண்டுகளில் வரையப்பட்டு அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. 1794இல் ஆளுநர் நாயகம் டோர்செஸ்டர் பிரபு, இந்த உறுதி செல்லாது என்று மேல் கனடாவின் (இன்றைய ஒன்டாரியோ) துணை ஆளுநர் சிம்கோவுக்கு எழுதினார். சிம்கோ அதற்கு முந்தைய வருடமே அங்கே யோர்க் நகரத்தை, அதாவது இன்றைய ரொறன்ரோவை, தொடங்கிவிட்டார்.

உறுதி செல்லாது என்பதை மிசிசாகாக்களிடம் யாரும் சொல்லவில்லை. 1805 ஆகஸ்ட் 1ஆம் திகதி, பழைய விற்பனையை உறுதிப்படுத்துகிறோம் என்ற பெயரில் புதிய தாளில் ஒப்பம் வாங்கினார்கள். 250,830 ஏக்கர், 10 ஷில்லிங். எட்டோபிக்கோ ஓடையில் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். 1787இல் பேசியதைவிட எல்லை விரிந்திருந்தது. 1986இல் இதை வைத்துக் கோரிக்கை போட்டார்கள். 2010இல் 14 கோடி 50 இலட்சம் டொலருக்குத் தீர்வு வந்தது.

ஸ்காபரோ அந்த எல்லைக்குள் வராது. உங்கள் பக்கத்துக் கரைக்கு 1788இல் இன்னொரு கொள்வனவு நடந்ததாகச் சொல்வார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்கிற தூரம்வரை காணி என்று பேசியதால் அதற்குத் துப்பாக்கிச் சத்த உடன்படிக்கை என்றே பெயர். அதற்கும் ஒழுங்கான உறுதி இல்லை. அந்தக் குழப்பத்தையும் வேறு பலவற்றையும் சேர்த்து மூடுவதற்குத்தான் 1923இல் வில்லியம்ஸ் உடன்படிக்கைகள் வந்தன. அவையும் அநியாயம் என்று பல்லாண்டு வழக்காடி, 2018இல் 111 கோடி டொலருக்குத் தீர்வானது.

எங்கே தொடங்குவது? அரசு 1891இல் அச்சிட்ட உடன்படிக்கைத் தொகுப்பில் 1805 வாசகம் அழகாக இருக்கும். அதை வாசித்துவிட்டு மூடிவிடாதீர்கள். சிம்கோ, டோர்செஸ்டர் கடிதங்களுக்குப் போனால்தான் வெறும் தாளின் கதை தெரியும்.

பிராம்டன்வாசி: நேரடியாகக் கேட்கிறேன். பூர்வகுடிகள் வழக்கு வென்றால் என் வீடு போய்விடுமா?

போகாது. குறித்த கோரிக்கைகள் என்று மத்திய அரசு நடத்தும் நடைமுறையில் தீர்வு பணமாக வருகிறது. தனியாரின் காணியைப் பறித்துக் கொடுக்கும் வழி அதில் இல்லை. காணி சேர்க்க வேண்டுமென்றால், விற்க விரும்புகிறவரிடம் சந்தை விலைக்கு வாங்கிச் சேர்ப்பார்கள்.

நீங்கள் ரிச்மண்ட் செய்தியைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 2025 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றம், ரிச்மண்ட் நகரின் ஒரு பகுதியில் கௌவிச்சன் மக்களுக்குப் பூர்வகுடி உரித்து உண்டு என்று தீர்த்தது. (பெயர்தான் உச்ச நீதிமன்றம், மாகாணத்தில் அது முதல்நிலை விசாரணை நீதிமன்றம்.) வீட்டுக்காரர் எவர்மீதும் அவர்கள் வழக்குப் போடவில்லை. மேன்முறையீடு இருக்கிறது. முக்கியமாக, அங்கே பெரும்பாலான காணி உடன்படிக்கையே இல்லாமல் எடுக்கப்பட்டது. ஒன்டாரியோவில் ஒட்டாவா பள்ளத்தாக்கு போன்ற இடங்கள் தவிர, எப்படியோ ஒரு தாள் இருக்கிறது. பிராம்டனுக்கு 1818இன் அஜெட்டன்ஸ் உடன்படிக்கை, 648,000 ஏக்கர்.

கோப்புப்பூச்சி: முதுகலை ஆய்வு செய்கிறேன். ஆர்.ஜி. 10 கடலாக இருக்கிறது. எப்படி இறங்குவது?

நல்ல கேள்வி, இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: ஆர்.ஜி. 10 என்பது மத்திய ஆவணக்காப்பகத்தில் உள்ள இந்தியர் விவகாரத் திணைக்களக் கோப்புத் தொகுதி. 1872இலிருந்து வரும் தலைமையகக் கோப்புகளில் கிழக்குக்குச் சிவப்பு வரிசை, மேற்குக்குக் கறுப்பு வரிசை. நுண்படச் சுருள்கள் ஏராளமாகக் கனடியானா தளத்தில் இருக்கின்றன. ஆனால் கையெழுத்துப் பக்கங்கள், ஆகவே சொல்லைப் போட்டுத் தேடினால் ஏமாற்றம்தான்.

நேரே உள்ளே குதிக்காதீர்கள். முதலில் திணைக்களத்தின் ஆண்டறிக்கைகளை எடுங்கள். 1864 முதல் எண்ம வடிவில் கிடைக்கின்றன. உங்கள் சமூகம் எந்த முகவரகத்தின் கீழ் இருந்தது, எந்த வருடம் எந்த முகவர் (சமூகத்தை மேற்பார்த்த திணைக்கள அதிகாரி) இருந்தார், ஒதுக்கக் காணி (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய காணி) எத்தனை ஏக்கர் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏக்கர் கணக்கு ஒரு வருடம் குறைந்தால் அந்த வருடத்துக் கோப்பில்தான் உங்கள் கதை கிடக்கிறது. காணி ஒப்படைப்பு (சமூகம் ஒதுக்கக் காணியை அரசுக்கு விட்டுக்கொடுப்பது) என்றால் அமைச்சரவைக் கட்டளை இருக்கும், அதற்கு முன் வாக்கெடுப்புப் பதிவு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே செய்தி.

மேற்கையும் வடக்கையும் ஆராய்கிறவர்கள் வினிப்பெக்கில் உள்ள ஹட்சன் விரிகுடாக் கும்பனி ஆவணங்களையும் பாருங்கள். வணிகச் சாவடிகளின் நாட்குறிப்புகளில் யார் எந்த ஆற்றில் எந்த மாதம் இருந்தார்கள் என்பது கிடைக்கும். அதை எழுதினவருக்கு வழக்கு எதிலும் அக்கறை இல்லை, உரோமத்தில்தான் அக்கறை. அதனாலேயே சாட்சியமாக அதற்கு மதிப்பு.

அட்டவணையில் தேடும்போது அதிகாரிகள் பயன்படுத்திய பழைய பெயர்களையே போடுங்கள். பல சமூகங்கள் பின்னாளில் தங்கள் சொந்தப் பெயரை மீட்டுக்கொண்டன. பழைய கோப்புக்கு அது தெரியாது.

கடைசியாக, தொகுதி எண், கோப்பு எண், சுருள் எண், பக்கம். நான்கையும் எழுதாமல் படம் எடுக்காதீர்கள். எண் இல்லாத ஆவணம் நீதிமன்றத்துக்கும் உதவாது, உங்கள் ஆய்வுக்கும் உதவாது.

மார்க்கம் கணக்காளர்: அவர்கள் வரியே கட்டுவதில்லையாமே?

தவறு. இந்தியர் சட்டத்தின் 87ஆம் பிரிவு ஒதுக்கக் காணியோடு தொடர்புள்ள உடைமைக்கும் வருமானத்துக்கும்தான் விலக்குத் தருகிறது. வெளியே உழைத்தால் உங்களைப் போலவே வரி. நீங்கள் கணக்காளர், இதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

புல்வெளி: ஒதுக்கக் காணியை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது என்கிறார்கள். இந்தியர் சட்டத்தில் எந்தப் பிரிவு? தேடித் தேடிக் களைத்துவிட்டேன்.

களைக்கத்தான் செய்வீர்கள், அப்படி ஒரு பிரிவு கிடையாது. மெட்டி, கிரீ மக்கள் அரசுக்கு எதிராக எழுந்த 1885 எழுச்சிக்குப் பிறகு மேற்குச் சமவெளிகளில் அந்த முறையை நடத்தினார்கள். நடத்தியவர்களுக்கே அதற்குச் சட்ட ஆதாரம் இல்லை என்பது தெரியும், அது கடிதங்களில் இருக்கிறது. முகவர் சீட்டுக் கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் காவல்துறை திருப்பி அனுப்பும். விளைச்சலை விற்க அனுமதி வாங்கும் முறை மட்டும் 1881இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சட்ட வரலாறு என்றதும் சட்டப் புத்தகத்தை மட்டும் வாசிப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். இன்னொன்று: இந்தியர் சட்டம் 1876இல் வந்தது, அதன்பின் ஓயாமல் திருத்தினார்கள். நீங்கள் ஆராயும் வருடத்தில் எந்த வாசகம் நடைமுறையில் இருந்தது என்று பாருங்கள்.

பிக்கரிங் அம்மா: தம்பி வாங்கின புது வீட்டுக் காணிக்கு ஆபத்து வருமா?

பிராம்டன்வாசிக்கு எழுதியதுதான் உங்களுக்கும், அம்மா. ஆபத்து இல்லை.

வன்னியான்: 1973 வரை ஏன் பெரிய வழக்குகளே இல்லை? அதுவரை அவர்களுக்குக் கோபம் வரவில்லையா?

கோபம் இருந்தது. வழக்குப் போடும் வழியைத்தான் அடைத்தார்கள்.

1927இல் இந்தியர் சட்டத்தில் 141ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். பூர்வகுடிகளின் கோரிக்கைக்காகத் திணைக்களத்தின் எழுத்து மூல அனுமதியின்றிப் பணம் திரட்டுவது குற்றம். யார் மீது வழக்குப் போட வேண்டுமோ அவரிடமே அனுமதி கேட்க வேண்டும். 1951இல்தான் அந்தப் பிரிவு போனது. ஆகவே அந்தக் கால் நூற்றாண்டில் சட்டத்தரணிகளின் கோப்புகள் மெலிந்திருக்கும். ‘எதிர்ப்புக் காணப்படவில்லை’ என்று எழுதும் ஆய்வாளரை எனக்குப் பிடிக்காது. முகவருக்கு வந்த மனுக்களைப் பாருங்கள், மலை மலையாக இருக்கும்.

அதற்கு முந்தைய கதை இன்னும் விசித்திரம். பூர்வகுடிகளின் காணி உரித்து என்றால் என்ன என்பதை முதலில் தீர்மானித்த பெரிய வழக்கு, 1888இன் செயின்ட் கத்தரின்ஸ் மில்லிங் வழக்கு. வாபிகூன் ஏரிப் பக்கத்தில் மரம் வெட்ட மத்திய அரசு ஒரு கும்பனிக்கு உரிமம் கொடுத்தது. அந்தக் காடு எங்களுடையது என்றது ஒன்டாரியோ. காடு 1873இன் மூன்றாம் இலக்க உடன்படிக்கைக்கு உட்பட்டது, செய்துகொண்டவர்கள் ஓஜிப்வே மக்கள். வழக்கில் அவர்கள் தரப்பே கிடையாது, ஒருவரையும் கேட்கவில்லை. இலண்டனில் பேரரசின் கடைசி மேன்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், அவர்களுடையது அரசியின் நல்லெண்ணத்தில் தங்கியிருக்கும் ஒரு நுகர்வுரிமை மட்டுமே என்று தீர்த்தது. அந்தக் கருத்து ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆண்டது. சென்னை மாகாணத்து ஜமீன் வழக்குகளும் இலங்கை வழக்குகளும் மேன்முறையீட்டில் போன அதே பிரிவி கவுன்சில்தான். இராமநாதபுரம் சேதுபதி வம்சத்துத் தத்தெடுப்பு வழக்கை 1868இல் தீர்த்ததும் அதுவே. அங்கே தத்தெடுத்தவர்கள் வழக்கில் நின்றார்கள். இங்கே காணிக்காரர் நிற்கவில்லை.

1973 என்று நீங்கள் சொல்வது கால்டர் வழக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் போட்டது. கனடா உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகளில் மூன்று பேர் உரித்து இன்னும் இருக்கிறது என்றார்கள், மூன்று பேர் அழிந்துவிட்டது என்றார்கள், ஏழாமவர் அரசின் மீது வழக்குப் போட அனுமதி பெறவில்லை என்ற காரணத்தால் தள்ளினார். அதாவது தோல்வி. ஆனால் அரசர் தராமலேயே காணி உரித்து இருக்கக்கூடும் என்பதை ஆறு பேர் ஏற்றார்கள். அரசு அந்த வருடமே கோரிக்கைகளைப் பேசித் தீர்க்கும் கொள்கையை அறிவித்தது. நிஸ்கா உடன்படிக்கை 2000இல் நடைமுறைக்கு வந்தது.

ஈழத்து நாடோடி: எங்கள் நாட்டிலும் வேடர் காணிகள், குடியேற்றத் திட்டங்கள் என்று இதே கதைதானே? ஒப்பிட முடியுமா?

வேடர் பற்றி நான் ஆராய்ந்தவள் அல்ல, அத்துறையினரிடம் கேளுங்கள். ஒப்பிடத் தொடங்க ஒரு புள்ளி மட்டும் தருகிறேன். இலங்கையின் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரிய காணி என்று ஊகிக்கச் சொன்னது. கனடாவில் 1763ஆம் ஆண்டு அரச பிரகடனம் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது: காணி அவர்களுடையது, முடியரசு மட்டுமே, அதுவும் பகிரங்கக் கூட்டத்தில் மட்டுமே வாங்கலாம். கனடாவின் கதை என்பது சொந்த விதியைத் தானே மீறிய கதை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு தேடுங்கள்.

ஈழத்து நாடோடி: அப்படியானால் நாங்களும் இங்கே குடியேற்றவாசிகளா?

அந்த வாதத்தை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணப்படி சொல்கிறேன்: உங்கள் வீட்டு உறுதியைப் பின்னோக்கிப் பிடித்துப் போனால் முடியரசின் காணிப்பத்திரத்தில் முடியும், அது ஓர் உடன்படிக்கையில் நிற்கும். அந்த உடன்படிக்கையில் நீங்களும் ஒரு தரப்பு.

சட்பரி ஓட்டுநர்: எங்கள் பக்கத்தில் ஆயிரம் கோடி டொலர் கொடுத்தார்களே, எதற்கு?

1850இல் ஹியூரன், சுப்பீரியர் ஏரிகளின் வடகரைக்கு வில்லியம் பெஞ்சமின் ராபின்சன் இரண்டு உடன்படிக்கைகள் செய்தார். அதற்கு முந்தைய வருடம் மைக்கா குடாவில் அந்தப் பகுதிப் பூர்வகுடிகளான அனிஷினாபே மக்கள் சுரங்க வேலையை நிறுத்தியிருந்தார்கள். அந்த நெருக்கடிதான் அரசைப் பேச வைத்தது. அந்த உடன்படிக்கைகளில் வேறெங்கும் இல்லாத ஒரு வாசகம் உண்டு: இந்தக் காணியில் வருமானம் பெருகினால், அரசுக்கு நட்டம் வராத அளவில் வருடாந்தக் கொடுப்பனவு கூட்டப்படும். 1875இல் தலைக்கு 4 டொலர் ஆக்கினார்கள். அதன்பின் நிக்கல், செம்பு, மரம், ரயில் எல்லாம் வந்தன. கொடுப்பனவு மட்டும் அந்த 4 டொலரிலேயே நின்றது.

வழக்கில் அனிஷினாபே தரப்பு வென்றது. 2023இல் ஹியூரன் தரப்பு மத்திய, ஒன்டாரியோ அரசுகள் இரண்டோடும் 1,000 கோடி டொலருக்குத் தீர்த்துக்கொண்டது, இரண்டும் பாதிப்பாதி. 2024 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் முடியரசின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தது. இந்தத் தீர்ப்பை முழுதாக வாசியுங்கள். உடன்படிக்கையை எப்படி வாசிப்பது என்பதற்கு இன்று இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஸ்காபரோ மாணவி: அக்கா, கட்டுரைக்காக ஒரு பூர்வகுடி மூத்தவரைப் பேட்டி காணலாமா?

உங்கள் கல்லூரியின் ஆய்வு நெறிக் குழுவிடம் முதலில் போங்கள். முதற்குடிகளோடு செய்யும் ஆய்வுக்குத் தேசிய நெறிக் கொள்கையில் தனி அத்தியாயமே உண்டு. பிறகு அந்தச் சமூகத்தின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கேட்ட கதை யாருக்குச் சொந்தம், ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும் என்பதை அவர்கள் தீர்மானிப்பார்கள். ஒரு பருவக் கட்டுரைக்கு இது தேவையா என்றும் யோசியுங்கள். வதிவிடப் பள்ளிகளில் (பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த பள்ளிகள்) பட்டதை ஒருவரிடம் புதிதாகக் கேட்காதீர்கள். வினிப்பெக்கில் உள்ள உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய மையத்தில் சாட்சியங்கள் ஏற்கெனவே இருக்கின்றன.

பழைய சட்டத்தரணி: பிள்ளை, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் காணி வழக்கு நடத்தினவன் நான். எல்லாம் சரி. ஆனால் இங்கே நீதிமன்றங்கள் பாட்டையும் கதையையும் சாட்சியமாக எடுக்கின்றனவாம். செவிவழிச் சாட்சியம் ஏற்கப்படாது என்பது அரிச்சுவடி. இது நீதியா, இரக்கமா?

ஐயா, உங்கள் சட்டத்தை வைத்தே தொடங்குகிறேன். 1895ஆம் ஆண்டு இலங்கைச் சான்றுக் கட்டளைச் சட்டம் இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதன் 32ஆம் பிரிவில், பொது உரிமை, வழமை பற்றி இறந்தவர் சொன்னதை ஏற்கலாம் என்று இருக்கிறதே.

இனி டெல்காமுக் வழக்குக்கு வருவோம். பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்க்சான், வெட்சுவெட்டன் மரபுத் தலைவர்கள் 58,000 சதுர கிலோமீற்றர் கேட்டார்கள். விசாரணை 374 நாள் நடந்தது. மேரி ஜோன்சன் என்ற மூத்த தலைவி தன் குலத்தின் வரலாற்றில் உள்ள பாட்டைப் பாட முன்வந்தார். பாடினால் எனக்குப் புரியாது, என் காது இசைக்கு உதவாது என்ற பொருளில் நீதிபதி மக்கீச்சர்ன் சொன்னார். மேரி ஜோன்சன் பாடினார். 1991இல் நீதிபதி வாய்மொழி வரலாறுகளுக்குத் தனி எடை இல்லை என்று வழக்கைத் தள்ளினார். 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. வாய்மொழி வரலாற்றை நீதிமன்றத்துக்குப் பழக்கமான ஆவணங்களுக்குச் சமமாக வைத்துப் பார்க்க வேண்டும் என்றது.

பழைய சட்டத்தரணி: 32ஆம் பிரிவை நீங்கள் பாதிதான் சொன்னீர்கள். பிணக்கு எழுவதற்கு முன் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. இங்கே வழக்காளியே தன் உரித்துக்காகத் தன் பாட்டைப் பாடுகிறார். ஒரு பாட்டைக் குறுக்கு விசாரணை செய்வது எப்படி?

கோப்புப்பூச்சி: ஐயா, எங்கள் ஊர்க் கோயில் வழக்கில் கிழவர்களின் வாய்ச்சொல்லை வைத்துத்தானே திருவிழா உரிமையைத் தீர்த்தார்கள்?

பழைய சட்டத்தரணி: திருவிழா வேறு, 58,000 சதுர கிலோமீற்றர் வேறு, தம்பி.

நிபந்தனை பற்றி நீங்கள் சொல்வது சரி, ஐயா. அந்த நிபந்தனையின் நோக்கம் என்ன? சுயநலத்துக்காகத் திரித்திருக்கக்கூடாது என்பது. கிட்க்சான் முறையில் அந்தக் காப்பு உள்ளேயே இருக்கிறது. ஒரு குலம் தன் காணி வரலாற்றை மற்றக் குலங்கள் கூடியிருக்கும் விருந்து மண்டபத்தில்தான் சொல்ல வேண்டும். அந்தக் காணியில் ஆசை உள்ள பக்கத்துக் குலம் எதிரே உட்கார்ந்திருக்கும். பிழையாகச் சொன்னால் மறுக்கும். மறுக்காமல் பரிசை வாங்கிக்கொண்டால் அவர்களே சாட்சி. தலைமுறை தலைமுறையாக இப்படி. நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள் போடும் ஒப்பத்தைவிட இது எந்த வகையில் இளைத்தது?

இன்னொன்றையும் பாருங்கள். அந்த விருந்தை, பொட்லாட்ச் என்ற பெயரில், 1884இல் சட்டம் போட்டுத் தடை செய்தது யார்? 1951 வரை அது குற்றம். வரலாற்றைச் சரிபார்க்கும் மன்றத்தைத் தடை செய்த அதே அரசு பிறகு நீதிமன்றத்தில் எழுந்து, இந்த வரலாறு சரிபார்க்கப்பட்டதா என்று கேட்டது.

பழைய சட்டத்தரணி: அது நியாயத்துக்கான வாதம், சான்றுக்கான வாதம் அல்ல. 2001இல் மிட்செல் வழக்கில் இதே உச்ச நீதிமன்றம், வாய்மொழிச் சான்றை அளவுக்கு மேல் இழுக்காதே என்று சொல்லியிருக்கிறது. தேடிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

தேடிப் பார்த்துவிட்டு வருகிறவரோடு வாதாடுவது சந்தோஷம். ஆம், அமெரிக்க எல்லையில் உள்ள அக்வெசாஸ்னே மொஹாக் மக்கள் செயின்ட் லோரன்ஸ் ஆற்றைத் தாண்டி வரியின்றிப் பொருள் கொண்டுவரக் கேட்டார்கள். அந்த ஆற்றைக் குறுக்கே கடந்து வணிகம் நடந்தது என்பதற்குச் சான்று மிக மெலிவு என்று நீதிமன்றம் தள்ளியது. சம எடை என்றால் தானாக வெற்றி என்று பொருள் இல்லை. அதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் தாளுக்குக் கொடுக்கும் மரியாதையைத்தான் நான் கேள்வி கேட்கிறேன். ரொறன்ரோ உறுதி வெறுமை என்று மேலே சொன்னேன். வன்கூவர் தீவில் ஜேம்ஸ் டக்ளஸ் 1850இல் தொடங்கிய உடன்படிக்கைகளிலும் தலைவர்களின் அடையாளத்தை வெறும் தாளில் முதலில் வாங்கினார். வாசகம் ஹட்சன் விரிகுடாக் கும்பனியின் இலண்டன் அலுவலகத்திலிருந்து பிறகுதான் வந்தது, நியூசிலாந்துக் காணிக் கொள்வனவு ஒன்றின் மாதிரியில். கதை சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய ஆசைப்படுகிறீர்கள். அந்தத் தாளை எழுதினவரைக் குறுக்கு விசாரணை செய்தால் என்ன மிஞ்சும்?

மிசிசாகா ஆச்சி: நடுவில் வருகிறேன் பிள்ளையள். எங்கள் வீட்டுக் காணி...

ஆச்சி, வீடு பத்திரம். மேலே பிராம்டன்வாசிக்கு எழுதியதைப் பேரப்பிள்ளையிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இனி இந்தக் கேள்விக்குப் பதில் எழுதமாட்டேன்.

ஐயாவுக்குக் கடைசியாக ஒன்று. ஒன்பதாம் இலக்க உடன்படிக்கை, வட ஒன்டாரியோ, 1905. மத்திய அரசும் ஒன்டாரியோவும் ஆணையாளர்கள் புறப்படுவதற்கு முன்பே நிபந்தனைகளைப் பேசி எழுதி முடித்துவிட்டன. போகும் இடத்தில் ஒரு சொல்லையும் மாற்ற அதிகாரம் இல்லை. காணியை முழுதாக விட்டுக்கொடுத்ததாக அச்சு வாசகம் சொல்கிறது. வேட்டையும் மீன்பிடியும் எப்போதும் போல நடக்கும் என்றுதான் வாக்குத் தந்தார்கள் என்று மூத்தவர்கள் சொல்லி வந்தார்கள். வாய்மொழி, எடை இல்லை என்பார்கள் உங்களைப் போன்றவர்கள். மூன்று ஆணையாளர்களில் ஒருவர், ஒன்டாரியோ நியமித்த டேனியல் மக்மார்ட்டின், நாட்குறிப்பு வைத்திருந்தார். குவீன்ஸ் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அதில் அவர் எழுதியிருப்பது மூத்தவர்கள் சொன்னதோடு பொருந்துகிறது, அச்சோடு பொருந்தவில்லை.

பழைய சட்டத்தரணி: சரி பிள்ளை, நாட்குறிப்பு என்றால் அது ஆவணம், ஏற்கிறேன். பாட்டை இன்னும் ஏற்கவில்லை.

நாட்குறிப்பு கிடைத்ததால்தான் நம்புவீர்கள் என்றால், கிடைக்காத இடங்களில் என்ன செய்வீர்கள், ஐயா? 1997 தீர்ப்பின் 87ஆம் பந்தியை வாசித்துவிட்டு அடுத்த கிழமை எழுதுங்கள். சட்பரித் தம்பிக்குச் சொன்ன 2024 தீர்ப்பையும் சேர்த்து வாசியுங்கள், மூத்தவர்களின் சாட்சியத்தை விசாரணை நீதிபதி எப்படிக் கையாண்டார் என்பது அதில் இருக்கிறது. புல்வெளி கேட்ட அனுமதிச் சீட்டுக் கோப்பு எண்களை நாளை தேடித் தருகிறேன்.